நியூமன் மாடலை வரைந்துவிட்டேன்; படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அதை எப்படிச் செய்வது?

கேள்வி கேட்டவர்: மூன்றாமாண்டு மாணவி

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு படிக்கிறேன். இப்போது சர்ஜிக்கல் வார்டில் போஸ்டிங். ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அவருடைய மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு நர்சிங் தியரியை வைத்து கேர் பிளான் எழுத வேண்டும். எனக்கு வந்தது நர்சிங் அறிஞர் பெட்டி நியூமனின் சிஸ்டம்ஸ் மாடல். மனிதரை நடுவில் வைத்து, சுற்றிலும் பாதுகாப்புக் கோடுகளை வரைந்து, அழுத்தம் தரும் காரணிகள் அந்தக் கோடுகளைத் தாண்டாமல் காப்பதைப் பற்றிச் சொல்லும் மாடல் அது.

என் நோயாளிக்கு 46 வயது. பித்தப்பையில் கல். நாளை மறுநாள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) செய்து பித்தப்பையை எடுக்கப்போகிறார்கள். வேறு நோய் எதுவும் இல்லை. ஆனால் அட்மிட் ஆனதிலிருந்து பிபி 150/94, பல்ஸ் 104 என்றே இருக்கிறது. இரவில் தூங்கவில்லை என்று நைட் டூட்டி சிஸ்டர் ஹேண்ட்ஓவரில் சொன்னார். "என்னை எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று இன்று ஒரே ஷிஃப்டில் ஐந்து தடவை கேட்டுவிட்டார். "பயப்படாதீங்கம்மா, சின்ன ஆபரேஷன்தான், ஒண்ணும் ஆகாது" என்றேன். தலையை ஆட்டினார். பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி.

படம் வரைந்தாகிவிட்டது. நடுவில் உட்கரு, சுற்றி எதிர்ப்புக் கோடுகள், அதற்கு வெளியே இயல்பான பாதுகாப்புக் கோடு, கடைசியாக நெகிழ்வான பாதுகாப்புக் கோடு. ஸ்ட்ரெஸ்ஸர், அதாவது அழுத்தம் தரும் காரணிகள், மூன்று வகையையும் எழுதிவிட்டேன். இன்ட்ராபர்சனல்: வலி, பயம். இன்டர்பர்சனல்: குடும்பத்தைப் பிரிந்திருப்பது. எக்ஸ்ட்ராபர்சனல்: மருத்துவமனைச் சூழல். என் வகுப்பில் எல்லாருடைய நோட்டிலும் இதே வரிகள்தான் இருக்கின்றன. நோயாளியை மாற்றிவிட்டாலும் கேர் பிளான் அப்படியே பொருந்தும். அதுதான் உறுத்துகிறது.

இன்னொரு சந்தேகம். நோய் ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு "ப்ரைமரி ப்ரிவென்ஷன்" (வருமுன் தடுப்பது) என்று என்ன எழுதுவது? வார்டில் ஒரு நோயாளியோடு எனக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம்தான். அதற்குள் செய்யக்கூடியதாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: பாடக்குறிப்பு

நான் எம்.எஸ்சி. முடித்து நர்சிங் ஃபவுண்டேஷன் வகுப்பு எடுக்கிறேன். எந்தத் தியரி வந்தது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆபரேஷன் நோயாளிகளின் மன அழுத்தத்துக்கு மூன்று நான்கு தியரிகள் நன்றாகவே பொருந்தும். சிஸ்டர் காலிஸ்டா ராயின் அடாப்டேஷன் மாடல் 1970-இல் வந்தது. அதில் உடல், சுயமதிப்பு, குடும்பத்திலும் சமூகத்திலும் வகிக்கும் பங்கு, பிறரைச் சார்ந்திருத்தல் என்று நான்கு வழிகளில் மனிதர் எப்படித் தகவமைத்துக்கொள்கிறார் என்று பார்ப்போம். மார்பகத்தையோ காலையோ இழக்கப்போகிறவருக்கு நான் ராயைத்தான் எடுப்பேன். கேத்தரின் கோல்கபாவின் கம்ஃபர்ட் தியரி ரெக்கவரி அறைக்கு அருமையாக ஒத்துவரும்.

நாள் குறித்த ஆபரேஷனுக்கு நியூமன் நல்ல தேர்வு. காரணம் எளிது. ஸ்ட்ரெஸ்ஸர் எப்போது வந்து மோதும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு முன் கோட்டைப் பலப்படுத்த நேரமும் கிடைக்கிறது.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு: ப்ரைமரியா செகண்டரியா என்பதை ஒவ்வொரு ஸ்ட்ரெஸ்ஸராக வைத்துத் தீர்மானியுங்கள். பித்தப்பைக் கல்லைப் பொறுத்தவரை நீங்கள் செய்வது செகண்டரி, ஏனென்றால் அது கோட்டைத் தாண்டி அறிகுறியும் காட்டிவிட்டது. நாளை மறுநாள் மாலை வரப்போகும் வலியைப் பொறுத்தவரை நீங்கள் இன்று சொல்லிக்கொடுப்பது ப்ரைமரி, ஏனென்றால் அது இன்னும் வரவில்லை. ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் இரண்டும் நடக்கும்.


பதில்: நைட் டூட்டி சிஸ்டர்

22 வருடமாக சர்ஜிக்கல் வார்டில் இருக்கிறேன் மா. உன் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. "நோயாளியை மாற்றினாலும் பொருந்தும்" என்று உனக்கே உறுத்துகிறதே, அந்த உறுத்தலை விட்டுவிடாதே.

நியூமன் என்றாலே எல்லாரும் வட்டம் வரைகிறோம். அந்த மாடலோடு ஒரு மதிப்பீட்டுப் படிவமும் வருகிறது. அதைப் புத்தகத்தில் தேடிப் பார். அதில் ஸ்ட்ரெஸ்ஸரை ஒரு தடவை எழுதினால் போதாது. நோயாளி பார்வையில் எது அழுத்தம் என்று ஒரு பகுதி. பராமரிப்பவர் பார்வையில் எது அழுத்தம் என்று இன்னொரு பகுதி. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இருந்தால் அதைப் பேசித் தீர்த்த பிறகுதான் இலக்கு. அந்த இலக்கையும் நோயாளியோடு சேர்ந்துதான் வைக்க வேண்டும். நீ எழுதியிருக்கும் மூன்று வரியும் இரண்டாவது பகுதி மட்டும்தான். முதல் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது.

அந்தப் படிவத்தில் நோயாளியிடம் கேட்க ஆறு கேள்விகள் இருக்கின்றன. நான் வார்டில் கேட்கிற மாதிரியே சொல்கிறேன். "இப்ப உங்களுக்கு எது ரொம்ப பாரமா இருக்கு?" "எப்பவும் இருக்கிற மாதிரி இல்லாம, இப்ப என்னெல்லாம் மாறிப்போச்சு?" "இதுக்கு முன்னாடி இப்படி ஒண்ணு வந்திருக்கா, அப்ப எப்படிச் சமாளிச்சீங்க?" "இனிமே என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" "நீங்களா என்ன செஞ்சுக்கறீங்க, என்ன செஞ்சுக்க முடியும்?" "நாங்களும் வீட்டுல இருக்கிறவங்களும் உங்களுக்கு என்ன செய்யணும்?" இவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டால் பத்து நிமிடத்தில் முடியும். நின்றுகொண்டு, கையில் பிபி கஃப்போடு கேட்டால் ஒரு மணி நேரமானாலும் பதில் வராது. உன் நோயாளியிடம் மூன்றாவது கேள்வியைக் கண்டிப்பாகக் கேள். 46 வயதில் ஒருவர் எத்தனையோ மருத்துவமனை வாசலை மிதித்திருப்பார்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். ஒரு பெரியவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலை ஏழரைக்கு தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தது. நான் செக்லிஸ்ட்டை வைத்துக்கொண்டு மோதிரம், பல் செட், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். காதில் இருந்த கேட்கும் கருவியையும் கழற்றி, கவரில் போட்டு, மகனிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் சிரித்தபடி தோளைத் தட்டிக்கொடுத்து ட்ராலியை அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் தியேட்டரிலிருந்து போன். "உங்க பேஷண்டுக்கு மனநிலையில் ஏதாவது பிரச்சினை உண்டா? ட்ராலியில எழுந்து உட்கார்ந்துட்டார், பிபி 190/110, எதுக்கும் பதில் சொல்லல." ஆபரேஷனை மதியத்துக்குத் தள்ளிவைத்து வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மகன் கருவியைக் காதில் மாட்டிவிட்டார். பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் என்னமோ பேசினாங்க. யாருக்கும் வாயே இல்லம்மா."

மாஸ்க். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. அவ்வளவு பேர் சூழ்ந்து நின்று அவரைத் தொடுகிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கருவியை மயக்கம் கொடுக்கும் நிமிடம் வரை காதிலேயே விட்டிருக்கலாம். மதியம் அப்படித்தான் செய்தோம், பிபி இறங்கியது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த ஸ்ட்ரெஸ்ஸர் அவருடைய நோயிலிருந்தும் வரவில்லை, வீட்டிலிருந்தும் வரவில்லை. என் கையால் நான் கொடுத்தது. "உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று முந்தின நாள் இரவு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அப்புறம், "பயப்படாதீங்க" என்பதை விட்டுவிடு மா. நீ அன்பாகத்தான் சொல்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை விழுந்ததும் நோயாளி வாயை மூடிக்கொள்கிறார். ஐடா ஜீன் ஆர்லாண்டோ என்ற நர்சிங் அறிஞர் 1961-இலேயே இதைத்தான் சொன்னார்: நோயாளியின் நடத்தையைப் பார்த்து நம் மனதில் தோன்றுவதை அவரிடமே சொல்லிச் சரிபார்க்க வேண்டும். "அடிக்கடி மணி கேக்கறீங்க, அந்த நேரத்துல ஏதோ இருக்குன்னு எனக்குத் தோணுது, சரியா?" என்று கேட்டுப் பார்.

நெகிழ்வான பாதுகாப்புக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது துருத்தி மாதிரி விரிந்து சுருங்கும் என்று நியூமன் சொல்வார். தூக்கம் போனால் சுருங்கும். உன் நோயாளி தூங்கவில்லை. இரவு பத்துக்கு மேல் அந்தப் படுக்கைப் பக்கம் விளக்கை அணைக்க முடியுமா, ஆறு மணி மருந்தையும் பிபியையும் சேர்த்து ஒரே தடவையில் முடிக்க முடியுமா என்று நைட் டூட்டியில் இருப்பவரிடம் கேள். இதுவும் தியரிதான். கேர் பிளானில் எழுது.


பதில்: தியேட்டர் டெக்னீஷியன்

நான் நர்ஸ் இல்லை, மயக்கவியல் பிரிவில் டெக்னீஷியன். ட்ராலி தியேட்டர் கதவைத் தாண்டிய பிறகு நடப்பதை நான் சொல்கிறேன், மாணவிக்கு உதவும்.

வார்டில் நோயாளிக்கு "என்ன செய்வார்கள்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். "எப்படி இருக்கும்" என்று யாரும் சொல்வதில்லை. குளிரும். நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி ஸ்டிக்கர் சில்லென்று இருக்கும். பிபி கஃப் சில நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே கையை இறுக்கும். முகத்தில் வைக்கும் ஆக்சிஜன் மாஸ்க்கில் பிளாஸ்டிக் வாடை வரும். மயக்க மருந்து ரத்தக் குழாயில் ஏறும்போது கை எரியலாம். எழுந்த பிறகு தொண்டை கரகரக்கும், அது சுவாசக் குழாய் வைத்ததால். இதை முந்தின நாளே கேட்டுவிட்டு வருபவர்கள் கை எரியும்போது "ஆமா, சொன்னாங்க" என்று அமைதியாகப் படுத்திருப்பார்கள். கேட்காதவர்கள் கையை உதறுவார்கள். நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்று. பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்போம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பாதுகாப்புச் செக்லிஸ்ட்படி மயக்கத்துக்கு முன் ஒரு சரிபார்ப்பு, வெட்டுவதற்கு முன் ஒன்று, தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் ஒன்று. விஷயம் தெரியாத நோயாளிக்கு "இவங்களுக்கு என்ன ஆபரேஷன்னே தெரியலையே" என்று அடிவயிறு கலங்கிவிடும். "உங்க பாதுகாப்புக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேப்பாங்க" என்று ஒரு வரி சொல்லி அனுப்புங்கள்.

லேப்ராஸ்கோப்பி என்பதால் மிக முக்கியமானது: வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு செலுத்துவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோள்பட்டையில் தெரியும். ஆபரேஷன் வயிற்றில், வலி தோளில். முன்கூட்டியே தெரியாவிட்டால் மாரடைப்பு என்றே நினைப்பார்கள். சொல்லிவிடுங்கள். ஆனால் நெஞ்சை அடைத்தாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.


மூன்றாமாண்டு மாணவி

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை போய் உட்காரப்போகிறேன். ஒரு பயம்தான். கை எரியும், குளிரும், தோள் வலிக்கும் என்று இவ்வளவையும் சொன்னால் இன்னும் கலங்கிவிட மாட்டாரா? சிலருக்கு எதுவும் தெரியாமல் இருப்பதே நிம்மதி இல்லையா?


பதில்: நைட் டூட்டி சிஸ்டர்

நல்ல கேள்வி மா. ஆமாம், சிலருக்கு அப்படித்தான். அதை நாம் ஊகிக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றத்தை அளக்க ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் என்று ஒன்று 1996-இலிருந்து இருக்கிறது. ஆறே ஆறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நான்கு வாக்கியங்கள் பதற்றத்தைப் பற்றியவை, அவற்றின் கூட்டு மதிப்பெண் 11 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். மீதி இரண்டும் மயக்கத்தைப் பற்றியும் ஆபரேஷனைப் பற்றியும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பவை. இந்த இரண்டின் கூட்டு மதிப்பெண் 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் விவரத்தைக் கொட்டாதே. நடக்கும்போது கூட இருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஏற்பாடு செய். உன் கேர் பிளானுக்கு முன்-பின் அளவும் கிடைத்துவிடும்.

விவரம் சொல்வதால் கெடுதல் என்று பயப்படாதே. லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவர் 1964-இல் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேரிடம் ஆராய்ச்சி செய்தார். ஒரு பகுதியினருக்கு வலி எங்கே, எப்படி வரும், எப்படித் தசையைத் தளர்த்துவது, எப்படித் திரும்பிப் படுப்பது என்று முன்பே சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்கு வலி மருந்து மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். கவனி, வலி வரும் என்றதோடு அவர் நிறுத்தவில்லை. வந்தால் என்ன செய்வது என்பதையும் கையோடு கொடுத்தார். நீயும் தோள் வலி வரும் என்றால், வலி மருந்து கேட்டால் தருவோம், கொஞ்சம் எழுந்து நடந்தால் குறையும், ஓரிரு நாளில் போய்விடும் என்பதையும் சொல்லாமல் எழுந்து வராதே.


மூன்றாமாண்டு மாணவி

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் இது. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று மாலை நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் இரண்டு கேள்விக்கும் "ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் பதில். மூன்றாவதைக் கேட்டதும் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்ற ஆரம்பித்தார். 19 வருடத்துக்கு முன் சிசேரியன். முடிந்ததும் உடம்பு முழுக்க நடுங்கியிருக்கிறது, பற்கள் அடித்துக்கொண்டதில் பேச முடியவில்லை. பக்கத்தில் நின்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "உயிர் போகுதுன்னே நெனச்சேன்" என்றார். அன்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டவர் அவருடைய அக்கா. இந்தத் தடவையும் அக்கா வருகிறார், ஆனால் காலை ஒன்பதுக்குத்தான் வந்து சேர முடியும். அதற்கு முன் கூட்டிக்கொண்டு போய்விட்டால் நடுக்கத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்ல ஆளில்லை. மணி கேட்டதெல்லாம் இதற்காகத்தான்.

என்னால் உடனே பேச முடியவில்லை. ஐந்து தடவை கேட்டார், ஐந்து தடவையும் நான் வேறு எதற்கோ பதில் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டரிடம் சொன்னேன். கேஸ் ஷீட்டில் எழுதினோம். மயக்கவியல் டாக்டர் அன்றிரவே வந்து பார்த்தார். மயக்கத்துக்குப் பிறகு நடுக்கம் பலருக்கும் வருவதுதான் என்றும், சூடான காற்று ஊதும் போர்வை போடுவோம், தேவைப்பட்டால் ஊசியும் இருக்கிறது என்றும் சொன்னார். அதன் பிறகு நோயாளி "இதை நானே எழுதி வெச்சுக்கலாமா?" என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆம்ஸ்டர்டாம் அளவில் பதற்றம் மாலையில் 17. மறுநாள் காலை 10. தெரிந்துகொள்ளும் விருப்பம் 9, அதனால் தியேட்டர் டெக்னீஷியன் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். இரவு பதினொன்றுக்குத் தூங்கிவிட்டார். காலை பிபி 132/84, பல்ஸ் 86. எட்டேகாலுக்கே கூப்பிட்டுவிட்டார்கள், அக்கா வந்து சேரவில்லை. ட்ராலியில் ஏறும்போது அந்தச் சீட்டை என் கையில் கொடுத்து "அக்காகிட்ட குடுத்துடு" என்றார்.

ரெக்கவரியில் லேசான நடுக்கம் வந்திருக்கிறது, போர்வையிலேயே அடங்கிவிட்டது. சாயங்காலம் வலது தோளில் வலி. நெஞ்சடைப்போ மூச்சுத் திணறலோ இல்லை என்று சிஸ்டர் பார்த்து உறுதிசெய்துகொண்டார். நோயாளி "இது வயித்துல செலுத்தின அந்த வாயுதானே?" என்று என்னைக் கேட்டார், வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டார், அக்காவின் கையைப் பிடித்தபடி வராண்டாவில் இரண்டு சுற்று நடந்தார்.

பழைய மூன்று வரிகளை அடித்துவிட்டேன். டெர்ஷியரி பகுதி, அதாவது சிகிச்சைக்குப் பிறகு தேறிய நிலையைக் காப்பது, இன்னும் காலியாக இருக்கிறது. நாளை காலை டிஸ்சார்ஜ், அதற்கு முன் அதே ஆறு கேள்விகளை மறுபடி கேட்கப்போகிறேன். வீட்டுக்குப் போன பிறகு எது பாரமாக இருக்கும் என்று அவர் சொல்வதை அங்கே எழுதுவேன்.